ஏரிக்கரையில் ஒருவரை எப்படிக் கூப்பிடுவது

ஓகஸ்ட் 3, சனி

எனக்கு ஒரு வீடு இருக்கிறது. அதில் கட்டில் இருக்கிறது, குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும், கதவுக்குப் பூட்டும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு கிழமை தறப்பாளுக்குக் கீழே படுக்க இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறோம். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோதும் தறப்பாளுக்குக் கீழே படுத்தோம். அப்போது அதற்கு யாரும் விடுமுறை என்று பெயர் வைக்கவில்லை.

ஏரியின் பெயர் ஏதோ பூர்வகுடிச் சொல். தங்கை தயாளினியின் புருஷன் நிமலன் ரொறன்ரோவிலிருந்து வழிநெடுக அதை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னார். அவர்களுடைய மகள் ஆரணி ஒவ்வொரு முறையும் திருத்தினாள். எட்டு வயது, வாய் முப்பது.

எங்கள் இடத்தில் ஒரு மர மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். தண்ணீர்க் குழாய் கொஞ்சத் தூரம், கக்கூஸ் அதைவிடத் தூரம். கைபேசிக்கு முகாம் பூங்காவின் வாசலடியில் மட்டும்தான் சிக்னல். கரடி வரும் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள்; சாப்பாட்டுச் சாமானை இரவில் காருக்குள் பூட்ட வேண்டுமாம். தயாளினி ஆட்டிறைச்சிக் கறியை உறைய வைத்துப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருக்கிறாள். கரடி வந்தால் காரோடு சேர்த்துத்தான் கொண்டுபோகும்.

நிமலனின் கூட்டாளி ஒருவரும் வந்திருக்கிறார். கேதீஸ்வரன். இரண்டு பேருக்கும் பஸ் திருத்தும் கராஜில் வேலை. மனைவி இறந்து பல வருஷமாம். மகன் பல்கலைக்கழகத்தில், விடுதியில் இருக்கிறான். பக்கத்து இடத்தில் தன்னுடைய சின்னக் கூடாரத்தை அடித்துவிட்டு வந்து எங்களுடையதையும் அவர்தான் அடித்தார். நிமலன் கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆலோசனை சொன்னார்.

ஒரு பக்கம் தொய்ந்து கிடந்தது. "அண்ணை, அந்தக் கயித்தைக் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கோ" என்றேன். தயாளினி கையில் இருந்த கரண்டிகளைக் கீழே போட்டாள். நிமலன் ஏரியைப் பார்த்தார். கேதீஸ்வரன் மட்டும் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஓம்" என்று சொல்லிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். நல்லாகவே கட்டினார்.

இரவுக்கு இடியப்பமும் கறியும். நுளம்புக் கடி தாராளம்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் தயாளினி தண்ணீர் எடுக்க வா என்று என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள். வாளியை வைத்தாளே தவிரக் குழாயைத் திறக்கவில்லை.

"அக்கா, உனக்கு விசரே?"

"ஏனடி?"

"ஆரைக் கண்டாலும் அண்ணையோ? அந்த மனுசன் உன்னைப் பாக்கவெல்லோ வந்தவர்!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு வாளியைத் தூக்கி அவளுடைய தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. அதில் தண்ணீர் இல்லை.

விஷயம் இதுதான். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களில் இவரும் ஒருவராம். அங்கே நான் வடை காணாது என்று சமையல்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றேனாம். அதைப் பார்த்து அவருக்கு என்னைப் பிடித்துப் போய்விட்டதாம். என்ன ரசனையோ! இரண்டு வருஷம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டுப் போன மாதம்தான் நிமலனிடம் வாய் திறந்திருக்கிறார். இப்போது, கல்கரியில் இருக்கிற அவருடைய தமையன் அங்கே புதுக் கராஜ் போடுகிறார், பங்குக்கு வா என்று கூப்பிடுகிறார். பன்னிரண்டாம் திகதி திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே ஒரு காரியம் சரிவந்தால் நிற்பார், இல்லையென்றால் போய்விடுவார்.

"அப்ப என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ வந்திருப்பியோ?"

வந்திருக்க மாட்டேன். அது வேறு கதை.

"நேற்று நீ வாயைத் திறந்து அண்ணை எண்டிட்டாய். அவருக்கு அது பதில். இராத்திரியே இவரிட்டச் சொல்லிப்போட்டார், பரவாயில்லை மச்சான், விருப்பமில்லை எண்டதை மரியாதையாச் சொல்லியிருக்கிறா எண்டு."

அண்ணை என்றது அவருக்குச் சொன்ன பதில் இல்லை. அது வாய்ப் பழக்கம். பத்தொன்பது வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்தேன். பஸ் ஓட்டுகிறவர், மீன் வெட்டுகிறவர், பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை செய்கிற பஞ்சாபிக்காரர் எல்லோரும் எனக்கு அண்ணைதான். சொல்லிவிட்டால் பிறகு கரைச்சல் இல்லை. ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கலியாணக் கதையில் எனக்கு அக்கறை இல்லை. நாற்பத்தாறு வயது. அப்பாவைப் பார்த்து முடித்து இப்போதுதான் இரவில் முழிக்காமல் படுக்கிறேன். நிம்மதியாக இருக்கிறேன்.

பின்னேரம் றொட்டி சுட்டேன். அவர் வெற்றுக் கோப்பையோடு வந்து, "தங்கச்சி, தேத்தண்ணி இன்னும் இருக்கோ?" என்று கேட்டார். கையிலிருந்த றொட்டி கருகிவிட்டது.

ஓகஸ்ட் 5, திங்கள்

வெயில். ஏரித் தண்ணீர் ஓகஸ்டிலும் ஐஸ் மாதிரி இருக்கிறது. முழங்கால் வரை இறங்கினேன். நீந்தத் தெரியாதவர்களுக்கு அது போதும்.

அவர் எனக்கு அண்ணன் இல்லாத குறையைத் தீர்த்தே விடுவது என்று இறங்கிவிட்டார். விறகு கொத்தித் தந்தார். கூடாரக் கதவில் இறுகிப்போன ஸிப்பைச் சரிசெய்தார். "தங்கச்சி, பனி விழுகுது, தலையை மூடுங்கோ." "தங்கச்சி, அந்தப் பக்கம் வழுக்கும்." இவ்வளவு நல்ல அண்ணன் யாருக்கும் கிடைக்க மாட்டான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேலே இல்லை. யார் மேலே என்று யோசிக்க நேரமில்லை, பாத்திரம் கழுவக் கிடந்தது.

இனி அவரை அண்ணை என்று கூப்பிடுவதில்லை என்று காலையில் தீர்மானித்தேன். தங்கையின் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான். தீர்மானிப்பது சுலபம். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவருக்கு ஐம்பத்தொரு வயது. நிமலன் மாதிரிக் கேதீஸ் என்று நான் கூப்பிட முடியுமா? அம்மா உயிரோடிருந்தால் அகப்பையால் போட்டிருப்பா. ஆகவே கூப்பிடுவதை விட்டுவிட்டேன். தேத்தண்ணீர் ஊற்றினால் கோப்பையை மேசையில் தட்டி வைத்தேன். அவர் வழியில் நின்றால் இருமினேன். மற்ற எல்லாவற்றுக்கும் ஆரணியை அனுப்பினேன்: "அங்கிளைச் சாப்பிட வரச் சொல்லு."

மூன்றாம் தடவை அனுப்பியபோது அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா, நீங்கள் அங்கிளோட கோவமா?"

"இல்லையே."

"அப்ப அவர் இந்தா நிக்கிறார். நீங்களே சொல்லுங்கோவன்."

அவர் நின்றது எனக்குப் பின்னால். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். இருமினேன்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

நாள் முழுக்க மழை. ஐந்து பேரும் ஒரே தறப்பாளுக்குக் கீழே இருந்ததால் ஒருவரையும் கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை.

ஓகஸ்ட் 7, புதன்

மழை விட்டது. உடுப்புகளைக் கயிறு கட்டிக் காயப்போட்டேன். மற்றப் பக்கத்து இடத்து வெள்ளைக்காரச் சோடி வந்து, மூன்று நாளாக உங்கள் குசினியில் இருந்து வரும் வாசம் எங்களை நித்திரை கொள்ள விடுகிறதில்லை என்று சொன்னது. முறைப்பாடு என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். பிறகுதான் கையில் வெற்றுக் கோப்பை கொண்டுவந்திருப்பதைக் கண்டேன். கறி கொடுத்தேன். அவர்களுடைய நாய்க்கும் ஒரு எலும்பு.

இன்றைக்கு மத்தியானம் ஒரு முயற்சி செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. எல்லோரும் சாப்பாட்டில் இருந்தோம். உப்புப் போத்தல் அவருக்குப் பக்கத்தில். நான் தொண்டையைச் செருமிவிட்டு, "மிஸ்டர் கேதீஸ்வரன், உப்பை ஒருக்காத் தாறிங்களோ?" என்றேன்.

நிமலனுக்குப் புரையேறியது.

"என்ன தங்கச்சி," என்றார் அவர், "பாங்கில லோன் கேட்டு வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே உப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, பிறகு சிரிப்பதை நிறுத்திச் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அண்ணையிலிருந்தும் இறக்கி விட்டாள் என்று நினைத்திருப்பார்.

நான் தண்ணீர் எடுக்கப் போனேன். வாளி நிரம்பி வழிந்த பிறகும் அங்கேதான் நின்றேன். ஒரு சொல்லை எடுக்கலாம், வேறு சொல்லை வைக்கலாம் என்று பார்த்தால் வைக்க ஒரு சொல்லும் இல்லையே, கடவுளே. தமிழில் இத்தனை முறை இருக்கிறது. அத்தானுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, கொழுந்தனுக்கு ஒன்று. பிடித்திருக்கிறது, ஆனால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்கிற மனிதருக்கு ஒன்றும் இல்லை.

மேலே எழுதியதை வாசித்துப் பார்த்தேன். வெட்டவில்லை.

ஓகஸ்ட் 8, வியாழன்

அவர் பிடித்த மீனைப் பொரித்தோம். முள் அதிகம், ருசி பரவாயில்லை.

சாப்பிட்ட பிறகு பாத்திரங்களைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். அவரும் அடிப்பிடித்த சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தயாளினி எங்களைத் தனியாக விடுவதற்கென்றே ஆரணியைக் கூப்பிட்டுச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தலை இழுப்பு.

அவர் சாம்பலால் தேய்த்தார், நான் அலசினேன். பிறகு மனைவியைப் பற்றிச் சொன்னார். பெயர் பவளராணி. மார்பில் புற்றுநோய். மகனுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்துக்குப் புட்டுக் கட்டிக்கொடுத்து, மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள் என்று அவன் அழுது, பிறகு பாணில் ஜாம் பூசிக் கட்டிக்கொடுக்கப் பழகினாராம். சொல்லும்போது சிரித்தார். துக்கத்தைக் காட்டி இரக்கம் வாங்குகிற ஆள் இல்லை. எனக்கு அது பிடித்தது. அப்பாவுக்கு நான் சோறு ஊட்டியது, அவர் என் முகத்தில் துப்பியது, பிறகு இரண்டு பேரும் சிரித்தது எல்லாம் சொன்னேன். இதை நான் தயாளினிக்குக்கூடச் சொன்னதில்லை.

பிறகு அவர் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"கல்கரிக்குப் போறதோ இல்லையோ எண்டு திங்கக்கிழமை சொல்ல வேணும். நீங்கள் என்ன நினைக்கிறியள், தங்கச்சி?"

அந்தக் கடைசிச் சொல் இல்லாமல் கேட்டிருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம்.

"சொந்தக் கராஜ் எண்டா நல்லதுதானே," என்றேன். "தமையனும் கூப்பிடுறார். போகத்தானே வேணும்."

"ஓம்," என்றார். "அதுவும் சரிதான்."

அவர் போன பிறகு சட்டியை மறுபடி எடுத்துத் தேய்த்தேன். அடி முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. சரியான பதில்தான் சொன்னேன். யார் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். குழாயடியில் முகம் கழுவ வசதி.

ஓகஸ்ட் 9, வெள்ளி

கூடாரத்துக்குள் குப்புறப் படுத்தபடி எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இன்று மரக்கறி. பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. வார இறுதி தொடங்கியதால் மத்தியானமே கார்கள் வரத் தொடங்கிவிட்டன. பாதி எங்கள் ஆட்கள். குளிக்கும் கரையில் பிரியாணிச் சட்டி, பாட்டுப் பெட்டி, காற்றடித்த மிதவைகள். நல்லூர்த் தேருக்குப் பிறகு இவ்வளவு தமிழ்ச் சனத்தை ஒரே இடத்தில் நான் காணவில்லை.

தயாளினியும் நிமலனும் ஐஸ் வாங்க டவுணுக்குப் போனார்கள். ஆரணியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அவள் காற்றடித்த அன்னத்தின் முதுகில் ஏறிக் கரையோரமாக மிதந்துகொண்டிருந்தாள். மிதவைச் சட்டை போட்டுத்தான் விட்டேன். நான் கதிரையில் இருந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அன்னம் மிதப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. காற்று கரையிலிருந்து ஏரிக்குள் அடித்தது. அவள் பயப்படவில்லை, எனக்குக் கை காட்டினாள். அன்னம் போய்க்கொண்டே இருந்தது.

எழும்பி ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் கால் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கரையின் மறு தொங்கலில், புதிதாக வந்த ஒருவரோடு முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்துக்கொண்டு நின்றார். பாட்டுச் சத்தம். கூப்பிட வாயைத் திறந்தேன். "அண்" என்றது வரைக்கும் வந்தது. அதற்கு மேலே வரவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிள்ளை தண்ணீரில் போகிறது, நான் சொல் தேடிக்கொண்டு நின்றேன். கண நேரம்தான். ஆனால் நின்றேன்.

பிறகு தொண்டை தானாகக் கத்தியது.

"இஞ்சாருங்கோ!"

அம்மா அப்பாவைக் கூப்பிட்ட சொல். ஊரில் கலியாணம் முடித்த பெண்கள் எல்லோரும் அடுக்களைக்குள் இருந்து புருஷனைக் கூப்பிடுகிற சொல். நான் என் வாழ்க்கையில் ஒரு தடவையும் அதைச் சொன்னதில்லை. சொல்ல யாரும் இருந்ததில்லை. இந்தச் சத்தம் எனக்குள்ளே எங்கே கிடந்தது என்று தெரியாது.

கரையில் நின்ற தமிழ் ஆம்பிளையள் அவ்வளவு பேரும் திரும்பினார்கள். பிரியாணி அள்ளிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு திரும்பினார். கதிரையில் நித்திரையாக இருந்தவர் துடித்துக்கொண்டு எழும்பினார். ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "நான் ஒண்டும் செய்யேல்லை" என்றே சொல்லிவிட்டார்.

அவரும் திரும்பினார்.

"என்னப்பா?" என்றார், ஊரில் புருஷன்மார் பதில் குரல் கொடுக்கிற மாதிரியே.

அதைச் சொன்ன பிறகுதான் என் முகத்தைக் கண்டார். நான் கையைக் காட்டினேன். சப்பாத்து, கைபேசி, மணிக்கூடு எல்லாவற்றோடும் ஏரிக்குள் பாய்ந்தார். அன்னத்தைக் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஆரணி அதன் மேலே ராணி மாதிரி இருந்தாள். இன்னொரு தரம் போகலாமோ என்று கேட்டாள். ஒரு அடி போட்டேன், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் தண்ணீர் வடிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அவருக்குத் துவாய் கொடுக்காமல் என்னிடம் தந்து, "பிள்ளை, முதல்ல அவருக்குத் தலையைத் துடைச்சு விடும், தடிமன் பிடிக்கப்போகுது" என்றா. நான் துவாயை அவருடைய கையில் கொடுத்துவிட்டு இடத்துக்கு வந்துவிட்டேன்.

தயாளினிக்கு ஆரணி எல்லாம் சொல்லிவிட்டாள், நான் கத்தியது உட்பட. சாப்பாட்டு நேரம் முழுவதும் தயாளினி என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவர் உடம்பு அலுப்பு என்று நேரத்தோடு கூடாரத்துக்குள் போய்விட்டார். இன்றைக்கு ஒரு தடவையும் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. வேறு ஒன்றும் சொல்லியும் கூப்பிடவில்லை.

ஓகஸ்ட் 10, சனி

வீட்டில் இருந்து எழுதுகிறேன். சுடுதண்ணீரில் குளித்தாயிற்று.

காலையில் எல்லாவற்றையும் மடித்துக் கட்டினோம். தறப்பாள் இன்னும் ஈரம். வாசலடியில் குப்பை போடுவதற்காகக் கார்களை நிறுத்தினோம். நான் குப்பைப் பையோடு இறங்கினேன். அவரும் தன்னுடைய பையோடு வந்தார். கரடி திறக்க முடியாதபடி செய்த அந்தத் தொட்டியின் மூடியை என்னாலும் திறக்க முடியவில்லை. அவர் திறந்துவிட்டார். இரண்டு பையும் உள்ளே போன பிறகும் மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"என்ர போன் தண்ணிக்குள்ள செத்துப்போச்சு," என்றார். "கல்கரிக்கு ஒரு கோல் எடுக்க வேணும். உங்கட போனை ஒருக்காத் தருவியளோ?"

"திங்கக்கிழமைதானே சொல்ல வேணும்?"

"ஓம். ஆனா அதுக்கு முதல் ஒண்டு கேக்க வேணும்."

"கேளுங்கோ."

"நேற்றுக் கரையில ஏழெட்டுப் பேர் திரும்பினாங்கள்." மூடியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். காது சிவந்திருந்தது. "கூப்பிட்டது என்னைத்தானே?"

பிள்ளைக்கு ஆபத்து, பதற்றத்தில் வாய்க்கு வந்தது என்று சொல்லியிருக்கலாம். நேற்று இரவு கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு அந்தப் பதிலை ஆயத்தப்படுத்தியும் வைத்திருந்தேன். நல்ல பதில். மரியாதையான பதில்.

"வேற ஆரைக் கூப்பிட நான்?" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காருக்குள் இருந்த நிமலன் திரும்பிப் பார்த்தார்.

போனைக் கொடுத்தேன். அவர் இலக்கத்தை மனப்பாடமாக அழுத்திவிட்டு, தள்ளிப் போகாமல் எனக்குப் பக்கத்திலேயே நின்று கதைத்தார்.

"அண்ணை, நான் கேதீஸ். இல்லை, இது வேற ஆக்கள்ற போன். அண்ணை, குறை நினைக்காதையுங்கோ, நான் அங்க வரேல்லை."

அந்தப் பக்கத்தில் தமையன் பெரிய சத்தம் போடுவது எனக்கும் கேட்டது. ஏன், எதற்கு, உனக்கென்ன மூளை பிசகிவிட்டதோ என்று. இவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இல்லை அண்ணை. இஞ்ச ஒரு ஆள் என்னைக் கூப்பிட்டிட்டா."

தயாளினி காருக்குள் இருந்து ஹோர்ன் அடித்தாள்.